அட்ஜஸ்ட் அத்தான்

உலகத்தில் இடம் கேட்பவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. இடம் கொடுப்பவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் நம்மிடையே நடமாடுகிறது. ஒருவருடைய இடத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, நடுவில் நின்று நல்ல பெயரைத் தான் வாங்கிக்கொண்டு போகும் இனம் அது. அட்ஜஸ்ட் ஆசாமி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்ததில்லை என்கிறீர்களா? போன தடவை பேருந்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்த உங்கள் இருக்கையில் நான்காவதாக ஒருவரைச் செருகிவிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார், பாவம் நிக்கிறாரு" என்று சொன்னாரே ஒரு நல்ல மனிதர், அவர் அப்போது எங்கே இருந்தார்? நன்றாக யோசியுங்கள். முன்வரிசையில், ஜன்னலோரத்தில், பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகர்ந்தது நீங்கள். நிற்பவர் நன்றி சொன்னது அவருக்கு.

இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் அடக்கமான வேலைதான் இருந்திருக்கிறது. கடிகார முள்ளைத் திருப்பி வைப்பது, இடுப்புப் பட்டையில் ஒரு துளை தள்ளிப் போடுவது, வண்டியின் பக்கக் கண்ணாடியைச் சற்றே சாய்ப்பது, இவ்வளவுதான். நம்மிடம் வந்த பிறகு அது பிழைக்கத் தெரிந்த சொல்லாகிவிட்டது. சட்டையின் ஒரு கை நீளமாகவும் மறு கை குட்டையாகவும் வந்துவிட்டால் தையற்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அட்ஜஸ்ட் ஆயிடும்" என்பார். நீ ஒரு பக்கத் தோளைத் தூக்கிக்கொண்டு நட என்று அதற்குப் பொருள். மாடிக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்லப் போனால் வீட்டுச் சொந்தக்காரரும் அதையேதான் சொல்வார். அங்கே அது வாளியைக் குறிக்கும். மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் சொன்னால், டாக்டர் இன்னும் வீட்டிலிருந்தே கிளம்பவில்லை. மேலதிகாரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் மேஜையோரம் வந்து நின்று, உங்கள் அப்பாவின் முழங்கால் வலியை அக்கறையாக விசாரித்து, சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பாராட்டி, கடைசியில் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தால், உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. கல்யாணமான பெண் பிறந்த வீட்டுக்குப் போன் செய்து அழும்போது மறுமுனையிலிருந்து இதே சொல் வந்தால், போனை வை என்று பொருள்.

'அனுசரித்துப் போ' என்று தமிழிலும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு வயதும் கொஞ்சம் வெட்கமும் வேண்டும். புத்திமதி சொல்கிறோம் என்பது சொல்லும்போதே தெரிந்துவிடும். அட்ஜஸ்டில் அந்தத் தொல்லை இல்லை. ஏதோ இயந்திரத்தில் ஒரு திருகாணியைத் திருகச் சொல்வது போல, யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம். முன்னால் ஒரு 'கொஞ்சம்' மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். அந்தக் 'கொஞ்சம்' அளவைக் குறிப்பதல்ல. எவ்வளவு பெரிய இடத்தைக் கேட்டாலும் அதே கொஞ்சம்தான். கூடவே ஒரு 'ரெண்டு வாரம்' வந்தால் அதுவும் காலத்தைக் குறிப்பதல்ல.

பள்ளிக்கூடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் சொல்லிக்கொடுத்தார்கள். நான், நீ, அவர். எந்த வினைச்சொல்லும் இந்த மூன்று இடத்திலும் வரும் என்று நம்பித்தான் நானும் தேர்வு எழுதினேன். அட்ஜஸ்ட் ஆசாமியின் வாயில் அந்த இலக்கணம் செல்லாது. முன்னிலையில் வரும்: "நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." படர்க்கையில் இன்னும் தாராளமாக வரும்: "அவ அட்ஜஸ்ட் பண்ணிப்பா." தன்மையில் மட்டும் வராது. 'நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்' என்ற வாக்கியத்தை இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இந்த இனத்தை ஆராய நான் எங்கும் அலையவில்லை. என் அக்கா அவர்களில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, எனக்குக் கீழ்த்தளத்திலேயே குடியும் வைத்திருக்கிறாள்.

அத்தானை நீங்கள் பார்த்தால் உங்களுக்கும் பிடித்துப்போகும். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். சிரித்த முகம். கோபமே வராது. பேசும்போது வலது உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, காற்றில் எதையோ மெதுவாக ஓரம் தள்ளுவார். அலுவலகத்தில் அவருக்கு நிர்வாகப் பிரிவில் வேலை: யாருக்கு எந்த மேஜை, யாருக்கு எந்த நாற்காலி, எந்த அறையில் எந்தப் பிரிவு என்று ஒதுக்குவது. ஆறு பேர் இருக்கும் அறையில் ஒன்பது பேரை உட்கார வைத்துவிட்டு, அந்த ஒன்பது பேரிடமும் தனித்தனியாக, "உங்களுக்காகத்தான் சார் சொல்லி வாங்கினேன்" என்று சொல்லக்கூடியவர். அவருடைய சொந்த மேஜை கதவுக்கு நேரே, குளிர்சாதனக் காற்று படும் இடத்தில் இருக்கிறது. அதை அவர் கேட்டு வாங்கவில்லை. அது அப்படி அமைந்துவிட்டது.

வீட்டிலும் அவர் வள்ளல்தான். அவருடைய அண்ணன் குடும்பத்தோடு வந்தால் கட்டில் அவர்களுக்கு, அக்கா தரையில். சித்தப்பாவுக்கு வெயில் ஆகாதென்றால் மின்விசிறி அவர் பக்கம், அக்காவுக்கு வீசிக்கொள்ள ஒரு அட்டை. குடியிருப்புச் சங்கத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைக்க இடமில்லை என்றால் எங்கள் அக்கா வீட்டு நடை இருக்கவே இருக்கிறது. அதனால் அந்த நடையில் எல்லாரும் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் போகும்போது அக்காவைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். "உன் வீட்டுக்காரி ரொம்ப அட்ஜஸ்டபிள்பா." சுழலும் நாற்காலிக்கும் ஸ்பானருக்கும் சொல்லும் வார்த்தை அது. அத்தான் அதைத் தனக்குக் கிடைத்த பாராட்டாக வாங்கி வைத்துக்கொள்வார்.

அக்கா பல் செட் செய்பவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து மெழுகில் பல் ஒவ்வொன்றாக நட்டு, பிளாஸ்டிக் ஈறு கட்டி, தேய்த்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்கிறாள். பின்னறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை, வாயைப் போலவே திறந்து மூடும் கீல் வைத்த இரும்புக் கருவி, மெழுகு உருக்கும் சின்ன விளக்கு, மேஜை விளிம்பில் திருகி மாட்டிய தேய்க்கும் மோட்டார். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு ஜன்னல்தான். பல்லின் நிறத்தைப் பொருத்திப் பார்க்க அந்த வெளிச்சம் வேண்டும் என்பாள். வேலை நடக்கும்போது பேச மாட்டாள். பேச்சுக்கு நடுவில் பல் வைத்தால் அது சிரிக்காது, இளிக்கும் என்பது அவள் கொள்கை.

வந்தது சோஃபா.

அத்தானோடு வேலை பார்க்கும் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். பழைய வீட்டைக் காலி செய்தாகிவிட்டது, புது வீடு முடியவில்லை. மற்ற சாமான்களை எங்கெங்கோ வைத்துவிட்டார். மாமனார் செய்து கொடுத்த மூன்று பேர் உட்காரும் தேக்கு சோஃபா மட்டும் எந்த வாசலிலும் நுழையாமல் நடுத்தெருவில் நின்றது. அலுவலகத்தில் டீ குடிக்கும்போது அவர் இதைச் சொல்ல, அத்தானின் உள்ளங்கை காற்றில் ஓரம் தள்ளியது.

"நம்ம வீட்ல வைங்க சார். பின்னறை சும்மாதான் கிடக்கு."

"வீட்ல கேக்க வேணாமா சார்?"

"அவ அட்ஜஸ்ட் பண்ணிப்பா."

அன்று சாயங்காலமே நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அக்கா கையில் ஒரு மேல்வரிசைப் பல்லோடு எழுந்து நின்றாள்.

"என்னங்க இது, எங்க வைக்கிறது? நான் எங்க உக்கார்றது?"

"ரெண்டு வாரம்தாம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பால்கனில நல்ல காத்து வருது, வெளிச்சமும் இருக்கு. அங்க உக்காந்து பண்ணு, இன்னும் நல்லா வரும்."

சோஃபா நகர்த்த இடமில்லாமல் அறையை அடைத்து, ஜன்னலையும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. மேஜையும், மேஜையோடு திருகியிருந்த மோட்டாரும் அதற்குப் பின்னால் சுவரோடு சுவராகப் போயின. பால்கனியில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அக்கா மெழுகு வேலையைச் செய்தாள். அங்கே மின்சார இணைப்பு இல்லை. மோட்டார் வேலைக்கு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, வழக்கமாக வேலை தரும் பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போய், கடைசி நோயாளி எழுந்த பிறகு ஓரமாக நின்று தேய்த்துவிட்டு வருவாள். ரெண்டு வாரம் முடிந்தது. மழைக்காலம் முடிந்தது. வெயில் வந்தது. அத்தானுக்கு மட்டும் அந்த சோஃபாவில் மத்தியானத் தூக்கம் நன்றாகப் பழகிவிட்டது.

வெயில் வந்ததும் பால்கனியில் மெழுகு இளக ஆரம்பித்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு நட்டு வைத்த பற்கள், அக்கா உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. நிமிர்த்தி வைத்தாள். நிமிர்ந்த மாதிரித்தான் இருந்தது. வாத்தியார் அந்த செட்டைப் போட்டுக்கொண்டு 'சரி' என்று சொன்னபோது விசில் வந்தது. அடுத்த வாரம் இன்னொரு செட் கடிக்கவே இல்லை. டாக்டரம்மா அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"உங்க கை சுத்தம்னுதான் இத்தனை வருஷமா உங்ககிட்டயே குடுக்குறேன். இன்னொரு தடவை இப்படி வந்துதுன்னா நான் வேற ஆளப் பாக்க வேண்டியிருக்கும். எனக்கும் வேற வழியில்லம்மா."

அதை அக்கா அத்தானிடம் சொன்னபோது நான் கூட இருந்தேன். அத்தான் முழுதாகக் கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்:

"டாக்டர்கிட்ட சொல்லு, பேஷன்ட்ட கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லட்டும். போடப் போடப் பழகிடும்."

"பழகாதுங்க," என்றாள் அக்கா. "பல்லு அப்படியேதான் இருக்கும். வாய்தான் புண்ணாகும்."

எனக்கு அன்று வந்த கோபத்தில் அந்த சோஃபாவை நானே வெட்டி விறகாக்கியிருப்பேன். ஆனால் கோபப்பட்டவர்களின் தோளில் கை போட்டு அவர்களையே வழியனுப்பி வைத்துவிடும் கலை அத்தானுக்குத் தெரியும். அன்றைக்கும் வழியனுப்பி வைத்தார்.

பிறகு ஒரு மத்தியானம் அத்தான் சோஃபாவில் படுத்திருந்தபோது முன்னறையில் போன் அடித்தது. எழுந்து ஓடினார். அந்த நடையில் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குக்கும் சுவருக்கும் இடையில் அக்கா ஒருக்களித்துப் போவாள், நான் ஒருக்களித்துப் போவேன், வேலைக்கு வரும் அம்மாள் தண்ணீர் வாளியோடு ஒருக்களித்துப் போவாள். அத்தான் நேராகப் போனார். நாற்காலி அடுக்கு அவர் காலை வாரிவிட்டது. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் கதவு நிலையில் தங்கிவிட்டன.

டாக்டரம்மா பார்த்து, புண் ஆறக் காத்திருந்து, அச்சு எடுத்தார். அக்காவே இரண்டு பல் கொண்ட சின்ன செட் ஒன்றைச் செய்து கொடுத்தாள். சனிக்கிழமை அத்தானைக் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். அங்கே காத்திருப்பவர்களின் வரிசையைப் பார்த்ததும் அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பெரியவரை முன்னால் அனுப்பி, ஒரு அம்மாளைப் பின்னால் தள்ளி, இரண்டு பேரின் நாற்காலியை மாற்றி, அந்த மும்முரத்திலேயே உள்ளே போய் வாயைத் திறந்தார். டாக்டரம்மா செட்டை மாட்டிவிட்டு, "உறுத்துதா?" என்று கேட்டதற்கு, வெளியே எப்படி ஒதுக்கியிருக்கிறோம் என்ற நினைப்பில், "இல்ல டாக்டர், சூப்பர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கீழே டீ குடிக்கப் போனபோது அத்தான் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடித்தால் உயிர் போகிறது. அன்று சாயங்காலம் அலுவலக விழா. ஓய்வுபெறும் பெரிய அதிகாரிக்கு வரவேற்புரை சொல்லும் பொறுப்பு அத்தானுடையது. அந்த அதிகாரியின் நாற்காலிக்கு அடுத்தபடியாக யார் என்று பேச்சு வரும்போது தன் பெயரும் வரும் என்று வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறார். கிளினிக் பூட்டியிருந்தது.

"கொஞ்சம் அத்துத்து பண்ணிக் குடேன்," என்றார் அக்காவிடம். இரண்டு பல் போனதில் ஜவும் ஸ்ஸும் போய்விட்டிருந்தன.

அக்கா இப்போது திருப்பிக் கொடுப்பாள் என்று நான் காத்திருந்தேன். 'நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று ஒரே ஒரு தடவை அவள் சொல்வதைக் கேட்க நான் என் டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. அவர் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"எங்க உறுத்துது?"

அத்தான் விழித்தார். அந்தக் கேள்வி அவருக்குப் புதிது. இத்தனை வருஷத்தில் எத்தனை பேரை எத்தனை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறார், ஒருவரிடமாவது இதைக் கேட்டிருப்பாரா?

"உள்ள. இல்ல, இந்தப் பக்கம். கடிக்கும்போது."

அக்கா செட்டை மாட்டி, நடுவில் மெல்லிய நீலத் தாள் ஒன்றை வைத்தாள். "கடிங்க. அப்படியே பல்ல உரசுங்க. போதும்." எடுத்துப் பார்த்தாள். ஒரு பல்லின் பின்பக்கம் கடுகளவு நீலப் புள்ளி. "இங்கதான் தூக்கிட்டிருக்கு. ஒரு நிமிஷ வேலை."

"அப்ப பண்ணிடு."

"மோட்டார் வேணும்."

"எடுத்துக்கோ."

"சோஃபாவுக்குப் பின்னாடி இருக்கு."

அத்தான் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, காற்றில் பாதி தள்ளினார். "கையால தேச்சு கொஞ்சம்..."

"தேய்க்கலாம். கோணலா வரும். வந்தா, நீங்க வாய அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அதில் கேலி இல்லை. நோயாளியிடம் கேட்பது போலத்தான் கேட்டாள். பதில் வேண்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டும் இருந்தாள். அத்தான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனை எடுத்து, சோஃபாவின் சொந்தக்காரரைக் கூப்பிட்டார். செவியில் வைக்க முடியாமல் கன்னம் வலித்ததால் ஸ்பீக்கரில் போட்டார். எல்லாரும் கேட்டோம்.

"சார், வீடு பூச்சு வேலையிலயே நிக்குது சார். ஒரு ரெண்டு வாரம் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. உங்களுக்குச் சொல்லணுமா, நீங்கதான் எல்லாத்தையும் அட்ஜஸ்ட் பண்றவராச்சே."

அத்தான் வாயைத் திறந்தார். இந்த இடத்தில் தன்மை வினை வர வேண்டும். 'பண்ணிக்கிறேன்' என்று ஒரு சொல். அதில் ஜவும் இல்லை, ஸ்ஸும் இல்லை. பல் இல்லாதவரும் சொல்லிவிடலாம். அவருக்கு வரவில்லை. போனை அணைத்து மேஜையில் வைத்துவிட்டு, பின்னறைக்குள் போய், சோஃபா எவ்வளவு பெரியது என்று முதன்முறையாகப் பார்த்தார். நீளவாக்கில் பார்த்தார். அகலவாக்கில் பார்த்தார்.

"இது எங்கயும் போகாதே," என்றார் மெதுவாக.

"ஆமாங்க," என்றாள் அக்கா.

அவள் முகத்தை அப்போது பார்த்திருந்தால் நீங்களும் நான் செய்ததைத்தான் செய்திருப்பீர்கள். "எங்க வீட்டுக்குக் கொண்டு போயிடலாம் அத்தான்," என்றேன். பக்கத்து வீட்டுத் தம்பிகள் இருவரையும் காவலாளியையும் கூப்பிட்டு, மாடிப்படித் திருப்பத்தில் அதைச் செங்குத்தாக நிறுத்தி, யார் கை எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு ஏற்றினோம். அத்தான் கீழேயிருந்து வழி சொன்னார்.

திரும்பி வந்தபோது அக்கா மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தாள். தூசி தட்டவில்லை, துடைக்கவில்லை. வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு மோட்டாரை ஓட்டினாள். அந்த ஓசையை இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"டாக்டரம்மாகிட்ட சொன்ன மாதிரி சொல்லாதீங்க."

"கொஞ்சம் இருக்கு."

மறுபடி நீலத் தாள், மறுபடி மோட்டார். அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதை அவள் நம்பவில்லை. தாளில் புள்ளி விழாமல் போன பிறகுதான் நம்பினாள். மோட்டாரை அணைத்துவிட்டுச் சொன்னாள்:

"இனிமே இந்த ரூம்ல ஒரு குண்டூசி வைக்கணும்னாலும் என்னக் கேட்டுட்டு வைங்க. நான் முடியாதுன்னா முடியாது."

"சரிம்மா," என்றார் அத்தான். கண் கலங்கியிருந்தது. பல் வலியாகவும் இருக்கலாம், நான் நல்லதையே நினைக்கிறேன்.

சாயங்காலம் விழாவுக்கு நானும் போனேன். அரங்கில் நாற்காலி போதவில்லை. யார் ஒதுக்கியது என்று கேட்க வேண்டாம். கடைசி வரிசைக்குப் பின்னால் பெண் ஊழியர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அத்தான் மேடையேறி, ஒலிவாங்கியைத் தட்டி, புதுப் பல் இரண்டும் விளக்கில் மின்னச் சிரித்தார். என் அக்கா கடுகளவு தேய்த்துக் கொடுத்த அந்த வாயிலிருந்து, ஜவும் ஸ்ஸும் துல்லியமாக, முதல் வாக்கியம் வந்தது.

"பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மனுஷன் திருந்தவே மாட்டார் என்று என் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு படியிலும் வார்த்தையைக் கோத்துக்கொண்டே ஏறினேன். அவள் காலையிலேயே தங்கை வீட்டுக்குப் போயிருந்தவள், அப்போதுதான் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே தேக்கு சோஃபா. அது நின்ற இடத்தில்தான் அவள் இடுப்பு வலிக்காகத் தினமும் பாய் விரித்துப் பயிற்சி செய்வாள். வீட்டில் அவள் கை காலை முழுதாக நீட்டக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

"இது யாரோடது?" என்றாள்.

"அத்தானோட ஆபீஸ்காரரோடது. அக்காவுக்கு ரூம் வேணும்ல. பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டா தெரியுமா?"

"தெரியும். அக்காவுக்கு ரூம் கிடைச்சது எனக்கும் சந்தோஷம்தான். யாரக் கேட்டு இங்க வெச்சீங்க?"

என் வலது கை தானாக எழுந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி இருந்தது.

"ரெண்டு வாரம்தாம்மா," என்றேன். "கொஞ்சம்..."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியை நான் சொல்லவில்லை. எங்கே உறுத்துகிறது என்று கேட்டேன். சோஃபாவைக் காட்டவில்லை, என்னைக் காட்டினாள்.

ஆகவே அன்பரே, இது அவசரம். நல்ல தேக்கு. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், ஒருவர் கால் நீட்டித் தூங்கலாம். பூச்சு வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள், ரெண்டு வாரம்தான். உங்களைப் பார்த்தால் நல்ல மனிதராகத் தெரிகிறது. உங்கள் வீட்டில் ஒரு சுவரோரம் சும்மா கிடக்காதா? கொண்டு வந்து இறக்கட்டுமா?

இப்போது மனசுக்குள் 'சரி, அதற்கென்ன' என்று தலையாட்டினீர்கள் அல்லவா. யாரைக் கேட்டு ஆட்டினீர்கள்?